‘த ஃபேவரிட்’ படத்தில் அரசியின் முகமும் வளைந்த சுவர்களும்

வாவிக்கரையான் (கல்லடி) எழுதியது:

சரித்திரக் கதையோடு நகைச்சுவை சேரும் படங்களில், நடிப்பவர்கள் தாங்களே சிரிப்பூட்ட முற்படும் இடத்தில்தான் படம் கலைந்துபோகிறது என்பது என் நெடுநாள் எண்ணம். யோர்கோஸ் லந்திமோஸ் இயக்கி 2018 இல் வெளிவந்த ‘த ஃபேவரிட்’ படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அந்த எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது என்று தோன்றியதால், நமது பகுதியில் சினிமாவையும் கூத்தையும் ஒருங்கே நேசிக்கிறவர்களிடம் இதை முன்வைக்கிறேன். படம் வயதுவந்தோருக்கானது, குடும்பத்தோடு பார்க்க எண்ணுவோர் அதை மனத்தில் கொள்ளவும்.

கதை, இங்கிலாந்தை 1702 முதல் 1714 வரை ஆண்ட ஆன் அரசியின் அரண்மனையில் நடக்கிறது. வெளியே பிரான்சோடு போர். உள்ளே கீல்வாதத்தால் நடக்க இயலாத அரசி, அவரையும் அவர் வழியே நாட்டையும் நடத்துகின்ற தோழி சாரா, வறுமையால் வேலை தேடி வந்து சாராவின் இடத்தைப் படிப்படியாகப் பறிக்கின்ற உறவுக்காரி அபிகேல். அரசியாக ஒலிவியா கொல்மன், சாராவாக றேச்சல் வைஸ், அபிகேலாக எம்மா ஸ்டோன். கொல்மனுக்கு 2019 இல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்த விருதைப் பற்றி எழுதியவர்கள் பலர் அவருடைய முகத்தை மட்டும் பேசினார்கள். அந்த முகம் எந்த அறைக்குள், எந்த வெளிச்சத்தில், எத்தனை தூரத்தில் வைக்கப்பட்டது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டுத் தூதுவரைச் சந்திக்க அரசி கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு புறப்படுகிறார். அந்த ஒப்பனை காட்டுவிலங்கு ஒன்றைப் போலிருக்கிறது என்று சாரா முகத்துக்கு நேரே சொல்லிவிட, அரசி அறைக்குத் திரும்புகிறார். வழியில் கதவருகே நிற்கும் பணியாள் சிறுவனைப் பார்த்து, என்னைப் பார்த்தாயா என்று கேட்கிறார். என்னைப் பார் என்று கத்துகிறார். அவன் பார்த்ததும், என்ன துணிச்சல், கண்ணை மூடு என்று மறுபடியும் கத்துகிறார். பார்ப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் கொல்மனின் குரலில் சிரிப்புக்கான குறிப்பு ஒரு துளியும் இல்லை. அவமானப்பட்ட ஒரு பெண், தன்னைவிடக் கீழே நிற்கும் ஒரே ஆளின்மேல் அந்த அவமானத்தை இறக்கி வைக்கிறார், அவ்வளவுதான். அவர் தம் துயரத்தை முழுதாக நம்பி நடிக்கிறார்; சிரிக்கிற வேலையை அந்த நீண்ட, வெறுமையான, ஓரங்கள் வளைந்த மண்டபம் செய்கிறது. நடிப்பும் காட்சியமைப்பும் வேலையைப் பகிர்ந்துகொண்ட இந்த முறைதான் படத்தின் அடித்தளம் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


களரிப்பித்தன் (வந்தாறுமூலை) எழுதியது:

தம்பி வாவிக்கரையான், நடிப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன், கமராவைப் பற்றிச் சொல்வதை ஏற்கவில்லை.

முதலில் ஏற்பதைச் சொல்கிறேன். நான் எங்கள் மட்டக்களப்பின் மரபு நாடகமான வடமோடிக் கூத்தில் அரச வேடம் கட்டி ஆடியவன். கூடைபோல் விரிந்த கரப்புடுப்பையும் முடியையும் தரித்துக்கொண்டு களரி என்னும் ஆடுகளத்துக்குள் வரும் அரசனுக்குச் சிரிக்க இடமே இல்லை. கட்டியகாரன் முன்னே வந்து அரசன் வரப்போவதை அறிவிப்பான். சனம் அவனைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அரசனின் வரவுப் பாட்டு தொடங்கிவிடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எங்களுக்குக் கற்பித்தது, சனம் சிரிக்கிறது என்பது உன் காதில் விழவே கூடாது என்பதைத்தான். தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு ஆடும் ஒரு மன்னனை வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆடுபவன் அதை அறிந்தவனாகக் காட்டிக்கொண்டால் வேடமே உடைந்துபோகும். கொல்மன் அதை அறிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அளவில் அவர் எங்கள் களரிக்கு உரியவர்.

ஏற்காதது இது. வட்டக் களரியில் சனம் சுற்றிவர இருக்கும். யார் எங்கிருந்து பார்த்தாலும் ஆடுபவனின் உடல் முழுதாகத் தெரியும். எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்வார். இந்தப் படத்திலோ அடிக்கடி ஒரு காட்சி கண்ணாடிக் குண்டுக்குள் பார்ப்பதுபோல் வளைந்து தெரிகிறது. தூண்கள் சாய்கின்றன, கூரை குவிகிறது. அப்படிப்பட்ட இடங்களில் நான் சுவர் வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, நடிப்பவரைப் பார்க்கவில்லை. இவ்வளவு வலிமையான மூன்று நடிகைகளை வைத்துக்கொண்டு, இயக்குநர் ஏன் தம் கெட்டித்தனத்தை நமக்குக் காட்ட வேண்டும்? இந்தக் கோணல் ஒரு கட்டியகாரனின் வேலையைச் செய்கிறது என்று நீங்கள் வாதிடலாம். கட்டியகாரன் அரசன் ஆடும்போது களரியின் நடுவில் நிற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.


கல்முனைக் கமரா எழுதியது:

ஐயா களரிப்பித்தனுக்கு மறுமொழியாக, தொழில் சார்ந்து சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலியாண வீடுகளில் படம் பிடிப்பதே என் சீவனோபாயம் என்பதால், அகன்ற லென்ஸ் மனிதர்களை என்ன செய்யும் என்பதை நாளாந்தம் காண்கிறேன்.

ஒளிப்பதிவாளர் ரொபி றயன் இந்தப் படத்தை 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்தார். 10 மில்லிமீற்றர் அளவிலான மிக அகன்ற லென்ஸையும், அதைவிட அகன்ற, ஓரங்களை வளைத்துக் காட்டும் 6 மில்லிமீற்றர் ஃபிஷ்-ஐ லென்ஸையும் பயன்படுத்தினார். படத்தின் பெரும்பகுதி ஹேர்ட்பர்ட்ஷயரில் இருக்கும் ஹற்பீல்ட் மாளிகையில் எடுக்கப்பட்டது. பகலில் சாளரங்களின் வழியே வரும் வெளிச்சம், இரவில் பெரும்பாலும் மெழுகுதிரி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் லென்ஸ் தெரிவு விளங்கும்.

மெழுகுதிரி வெளிச்சம் குறைவு என்பதால் லென்ஸின் வாயை அகலத் திறக்க வேண்டும். அகலத் திறந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். இதே நூற்றாண்டைப் பற்றி ஸ்ரான்லி குப்ரிக் 1975 இல் எடுத்த ‘பரி லின்டன்’ படத்தில், நாசா நிறுவனத்துக்காகச் சைஸ் (Zeiss) நிறுவனம் செய்த 50 மில்லிமீற்றர் லென்ஸைக் கொண்டு மெழுகுதிரி வெளிச்சத்திலேயே படம் பிடித்தார்கள். அந்த லென்ஸின் வாய் மிகப் பெரிது. ஆழமோ மிகச் சிறிது. நடிகர் சற்று முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகவே அந்தக் காட்சிகளில் எல்லோரும் ஓவியத்தில் இருப்பவர்களைப் போல அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள், அந்த அசைவின்மையே படத்தின் நடிப்புப் பாணியாகவும் ஆகிவிட்டது. அகன்ற லென்ஸின் இயல்பு இதற்கு எதிரானது. அதன் குவியத் தூரம் குறுகியது என்பதால், வாயை அகலத் திறந்தாலும் முன்னே நிற்பவர் தொடக்கம் பின்சுவர் வரை ஏறக்குறைய எல்லாமே தெளிவாக இருக்கும். நடிகர்கள் ஓடலாம், விழலாம், ஒருவரையொருவர் இழுத்துத் தள்ளலாம். அபிகேலும் அவளைப் பின்னர் மணக்கும் அரண்மனை இளைஞன் மஷாமும் காட்டுக்குள் ஒருவரையொருவர் அடித்து விரட்டி விளையாடும் காட்சியையோ, அரசியின் சக்கர நாற்காலி நீண்ட நடைகூடத்தில் விரைவதையோ, 50 மில்லிமீற்றரில் அப்படிக் காட்ட முடியாது. ஒரே மெழுகுதிரிதான், அங்கே நடிகர் உறைந்தார், இங்கே நடிகர் ஓடினார்.

கோணலைப் பற்றியும் ஒரு சொல். அகன்ற லென்ஸ் அருகில் இருப்பதைப் பெருப்பிக்கும், தூரத்தில் இருப்பதை அளவுக்குமீறிச் சிறுப்பிக்கும். பெரிய மண்டபத்தில் ஓர் ஆளை நடுவில் நிறுத்தி அந்த லென்ஸால் எடுத்தால், ஆள் சிறுத்து, மண்டபம் அவரை விழுங்குவதுபோல் ஆகும். நாட்டுக்கே அரசி ஒருவர் தம் சொந்த அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறார் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அது சொல்கிறது. கமரா தாழ்ந்த மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதால் கூரையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியே போகும் வழி மேலேயும் இல்லை. ஐயா சுவரைப் பார்த்தேன் என்கிறீர்கள். அந்த இடங்களில் சுவரைத்தான் பார்க்க வேண்டும்.


வாவிக்கரையான் எழுதியது:

கல்முனைச் சகோதரருக்கு நன்றி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். படப்பிடிப்புக்கு முன் லந்திமோஸ் நடிகர்களை மூன்று வாரங்கள் ஒத்திகையில் வைத்திருந்தார். அந்த ஒத்திகையில் காட்சிகளின் பொருளை அலசவில்லை. நடிகர்கள் கைகால்களை ஒருவரோடொருவர் பின்னிக்கொண்டும், ஓடியும் குதித்தும் வசனங்களைச் சொல்லிப் பழகினார்கள். சாராவும் மஷாமும் ஆடுகின்ற, அந்தக் காலத்து நடனத்துக்குச் சற்றும் ஒத்துவராத ஆட்டத்தில் அந்தப் பயிற்சியின் பலன் வெளிப்படையாகத் தெரிகிறது. அவர்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, உடலால் மட்டும் அத்துமீறுகிறார்கள். நமது கூத்தில் சட்டம் கொடுத்த, அதாவது ஆடுபவர்களுக்குப் பாத்திரங்களைப் பங்கிட்ட நாளிலிருந்து அரங்கேற்றம் வரை உடல் பழகப் பழகத்தானே பாத்திரம் வந்து சேருகிறது? ஐயா இதைப் பற்றிச் சொன்னால் நன்று.


மருதமுனைத் தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்குக் கண்ணில் முதலில் பட்டது உடைதான், அதைப் பற்றி ஒருவரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது.

சண்டி பவல் வடிவமைத்த உடைகளில், அரண்மனையில் இருப்போர் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பும் வெள்ளையுமாகவே இருக்கிறார்கள். சரித்திரப் படம் என்றால் பட்டும் சரிகையும் பொன்னிறமும் திரையை நிறைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கல்முனை நானா சொன்ன அந்த மெழுகுதிரி வெளிச்சத்தை நினைத்துப் பாருங்கள். மரப்பலகை அடித்த இருண்ட சுவர், தொங்கும் சித்திரத் திரைச்சீலை, அவற்றின் முன்னே பல வண்ணப் பட்டு அணிந்த ஓர் உருவம் நின்றால், அது சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். வெள்ளைத் துணி அந்தச் சிறு வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பித் தரும். கறுப்பு அதன் ஓரத்தை வெட்டிக் காட்டும். அகன்ற லென்ஸில் ஆள் சிறுத்துத் தெரியும்போதுகூட அவருடைய வடிவம் நம் கண்ணுக்குத் தப்பாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

சமையற்கூடத்துப் பணியாளர்களின் உடையைப் பவல் பழைய டெனிம் துணிகளிலிருந்து தைத்தார். வெட்டுத் தையல் அந்தக் காலத்துக்குரியது, துணி நம் காலத்தது. உழைக்கிறவர் உடுத்தி உடுத்தி வெளிறிய நீலம் எப்படி இருக்கும் என்பதை எந்த நாட்டவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதேபோல் விலையுயர்ந்த பின்னல் வேலைப்பாட்டுக்குப் பதிலாக, லேசரால் வெட்டிய துணியைப் பயன்படுத்தியிருக்கிறார். நூலில் வேலை செய்கிறவளாக இது எனக்கு முதலில் உறுத்தியது. ஆனாலும் நெருங்கிப் பார்க்கும்போது, அரண்மனையின் பகட்டு வெறும் வெட்டுத்துணிதான் என்பதைப் படம் ஒளிக்கவில்லை, அது கதையோடு பொருந்துகிறது.

ஆண்களைக் கவனியுங்கள். அரசியல்வாதி ஹார்லியாக வரும் நிக்கலஸ் ஹோல்ட் உட்படப் பிரபுக்கள் எல்லோரும் கோபுரம் போன்ற பொய்முடியும் முகப்பூச்சுமாகத் திரிகிறார்கள். பெண்கள் மூவரின் முகத்திலோ பெரும்பாலும் பூச்சே இல்லை. சாரா காற்சட்டை அணிந்து துப்பாக்கி பிடிக்கிறார். அரசி பெரும்பாலான நேரம் இரவு உடையில் கிடக்கிறார். அலங்காரம் செய்தவர்கள் வேடிக்கைப் பொருளாகவும், அலங்காரம் களைந்தவர்கள் மனிதர்களாகவும் தெரிகிறார்கள். அபிகேல் மேலே ஏற ஏற உடையின் வேலைப்பாடு கூடுகிறது, நம் அனுதாபம் குறைகிறது. எம்மா ஸ்டோனின் நடிப்பில் பாதியை அந்த உடை சுமக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.


அக்கரைப்பற்று மாணவி எழுதியது:

கலைத்திறனைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், நான் வரலாற்றின் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பை வைக்கிறேன்.

ஆன் அரசியின் கணவர், டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ஜ் இளவரசர், 1708 வரை உயிரோடு இருந்தவர். படத்தில் அவர் இல்லவே இல்லை. அரசிக்கு 17 கருப்பங்கள் தரித்தன. ஒரு பிள்ளையும் நிலைக்கவில்லை. சிறுபராயம் கடந்து வளர்ந்த ஒரே மகனும் 1700 இல் 11 வயதில் இறந்தான். படம் இதற்கு ஈடாக அறைக்குள் 17 முயல்களை வைக்கிறது. அந்த முயல்கள் கற்பனை. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒன்றான 1707ஆம் ஆண்டு ஒன்றியம் இவருடைய ஆட்சியில்தான் நடந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆட்சியாளரைப் பிறர் சொற்படி ஆடும் நோயாளியாகவே நினைக்கும் பழக்கம் பிற்காலத்தில் பரவியதற்கு, அவரோடு பகைத்துக்கொண்ட சாரா 1742 இல் வெளியிட்ட நூலும் ஒரு முக்கிய காரணம். தோற்றுப்போன தோழி எழுதியதை மூன்று நூற்றாண்டுகளின் பின்னர் ஒரு படம் மறுபடியும் சிரிப்பாக்கிக் காட்டுகிறது என்றால், அதில் நீதி இருக்கிறதா? பிள்ளைகளை இழந்த நோயுற்ற ஒரு பெண்ணை, எவ்வளவு அழகான வெளிச்சத்தில் வைத்தாலும், சிரிப்புக்கு உரியவராக வைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.


வாவிக்கரையான் எழுதியது:

தங்கையின் மறுப்பு நியாயமானது. படத்தை வரலாற்றுப் பாடமாக ஒருவரும் கொள்ளக்கூடாது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிரிப்பு என்பது எப்போதும் ஆளைச் சிறுமைப்படுத்துவது என்ற முடிவோடு நான் உடன்படவில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்வுகளான எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது முதலில் நகையையும் அடுத்ததாக அழுகையையும் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. ஒலிவியா கொல்மன் நடித்த அரசியை இந்த எட்டு இடங்களோடும் வைத்துப் பாருங்கள். அவருடைய பேதைமையில் நாம் சிரிக்கும் அதே கணத்தில் அவருடைய இழவு நம் முன்னே நிற்கிறது. இனிப்புப் பண்டம் தம் உடலுக்கு ஒவ்வாது என்று தெரிந்தும் அள்ளி அள்ளி உண்டு, வாந்தியெடுத்து, மறுபடியும் உண்கிறார் அரசி. அந்தக் காட்சியில் சிரிப்பு எங்கே முடிந்து அருவருப்பு எங்கே தொடங்கியது, அது எப்போது இரக்கமாயிற்று என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கொல்மன் உண்ணும் வேகத்தில் நகைச்சுவை இருக்கிறது. உண்ணும்போது அவருடைய கண் எங்கேயும் நிலைக்காததில் துயரம் இருக்கிறது.

முயல்கள் கற்பனைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஓர் இறந்த பிள்ளைக்கு ஈடு என்று அபிகேலிடம் சொல்லும் இடத்தில், கொல்மன் குரலைத் தழுதழுக்க விடவில்லை. பலமுறை சொல்லிப் பழகிய செய்தியைப்போல் சொல்கிறார். 17 என்ற எண்ணை ஒரு நூலில் வாசித்தால் நாம் தாண்டிச் சென்றுவிடுவோம். அறை முழுவதும் ஓடித் திரியும் உயிர்களாகப் பார்த்தபின் தாண்ட முடியாது. சாராவின் நூல் அரசிக்குச் செய்த அநீதியைப் படம் முழுதாகத் தீர்க்கவில்லை என்பது உண்மை. நடிகை தம் பங்குக்கு அதில் ஒரு பகுதியைத் தீர்த்துவைக்கிறார் என்பதே நான் சொல்ல வருவது.


தாண்டவன்வெளி எழுதியது:

தமிழில் இந்த வகைக்கு நம்மிடம் இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு சிம்புதேவன் இயக்கி 2006 இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’. அதில் வடிவேலு இரட்டையர் இருவராகவும் நடித்தார். கூர்ந்து பார்த்தால் அதிலும் இந்த இழையில் பேசப்படும் விதி செல்லுபடியாகிறது. புலிகேசி தன்னைப் பெருவீரன் என்றே முழுதாக நம்புகிறான். அந்த நம்பிக்கையில் வடிவேலு ஓர் இடத்திலும் தளரவில்லை. அவனுடைய சகோதரன் உக்கிரபுத்தனாக வரும்போது முதுகு நிமிர்ந்து, குரல் தாழ்ந்து, வேறோர் ஆளே வந்துவிடுகிறார். வேறுபாடு காட்சியமைப்பில்தான். அங்கே கமரா பெரும்பாலும் நேரே நின்று, வண்ணம் நிறைந்த அரண்மனையை நாடக மேடை போலவே காட்டுகிறது. சிரிப்பு முழுவதையும் நடிகரே சுமக்க வேண்டியிருக்கிறது. வடிவேலு சுமந்தார். எல்லா நடிகராலும் அது முடியாது என்பதைப் பின்னர் வந்த பல படங்கள் காட்டிவிட்டன. நேரே நிற்கும் கமராவே போதும் என்று வாதிடும் களரிப்பித்தன் ஐயா, அப்படிப்பட்ட கமராவுக்கு எத்தகைய நடிகர் தேவைப்படுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.


களரிப்பித்தன் எழுதியது:

அது சரியான கேள்வி. களரியில் ஆடுபவனுக்கு லென்ஸின் உதவி கிடைக்காது. ஆதலால்தான் அங்கே பயிற்சி அவ்வளவு கடினமாக இருக்கிறது. வாவிக்கரையான் கேட்டதற்கும் இதுவே பதில். தாளக்கட்டு காலுக்குள் இறங்கிய பின்னர்தான் அண்ணாவியார் பாட்டின் பொருளைப் பற்றியே பேசத் தொடங்குவார். அந்த நடிகைகள் மூன்று வாரம் குதித்தும் பின்னிக்கொண்டும் பழகியதை அறிந்தபோது எனக்கு அவர்கள்மீது மதிப்புக் கூடிற்று.

மருதமுனைப் பிள்ளை உடையைப் பற்றி எழுதியது மிகவும் பெறுமதியானது. தீப்பந்த வெளிச்சத்தில் ஆடிய காலத்தில் எங்கள் முடியிலும் மார்புப்பதக்கத்திலும் கண்ணாடித் துண்டுகள் பதித்ததும் அதே காரணத்துக்காகத்தான். குறைந்த வெளிச்சத்தில் ஆடுகிறவன் கண்ணுக்குத் தப்பக்கூடாது.

ஆனால் என் மறுப்பை நான் விட்டுவிடவில்லை. படத்தின் மிக உயர்ந்த இடம் எது என்று கேட்டால், சாரா ஆடுவதைச் சக்கர நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அரசியின் முகம் என்பேன். கமரா ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த முகத்திலேயே நிற்கிறது. மகிழ்ச்சியோடு தொடங்கிய பார்வை சிறுகச் சிறுக ஏக்கமாகி, பொறாமையாகி, சினமாகி, நிறுத்துங்கள் என்ற கட்டளையாக வெடிக்கிறது. ஒரு வசனமும் இல்லை, ஒரு வளைவும் இல்லை. நடிப்பைக் காட்டுவதற்குக் கோணல் தேவையில்லை என்பதை இயக்குநரே அந்த இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.


கல்முனைக் கமரா எழுதியது:

ஐயா, அந்த முகத்தை உயர்ந்த இடம் என்று நீங்கள் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைத் தனியே வெட்டியெடுத்துப் பார்க்காமல், அதற்கு முன் உள்ள பகுதியோடு சேர்த்து ஒருமுறை பாருங்கள். அதுவரை அரசியைப் பெரிய அறைகளின் நடுவில், தூரத்தில், சிறு உருவமாகவே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னே திடீரென்று அறை முழுவதும் நீங்கி, முகம் மட்டும் நெருங்கி வந்து, விலகாமல் நிற்கிறது. தொடக்கத்திலிருந்தே முகங்களை நெருக்கத்தில் காட்டிக்கொண்டு வந்திருந்தால், கொல்மன் அதே நடிப்பைத் தந்திருந்தாலும், அது பல முகங்களில் ஒரு முகமாகப் போயிருக்கும். கலியாண அல்பம் அடுக்கும்போதும் இதைத்தான் செய்கிறேன்: மண்டபம் முழுவதும் தெரியும் படத்துக்கு அடுத்த பக்கத்தில்தான் தாயின் முகத்தை வைப்பேன். கோணல் தேவையா என்பதை அந்த ஒரு காட்சியைக் கொண்டு தீர்க்க முடியாது. அதற்கு முந்திய காட்சிகளில் அறை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதிலிருந்துதான் தீர்க்க முடியும்.